சிலந்தி கடிக்கவில்லை

ரகு,

சிரஞ்சீவி என்று போட்டு, ஆசீர்வாதம் சொல்லித்தான் உனக்கு எப்போதும் எழுதுவேன். இந்தத் தடவையும் அப்படித் தொடங்கி மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். ஆசீர்வாதம் செய்யும் மனநிலையில் நான் இல்லை, அதனால் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். போன வாரம் தியாகராய நகரில், உன் நிச்சயதார்த்தச் சாப்பாட்டில், பாயசம் வருவதற்குள் நான் இலையை விட்டு எழுந்து வெளியே போனேன். அவருக்குப் பித்தம், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று உன் அம்மா எல்லாரிடமும் சொல்லிச் சமாளித்தாள். நீயும் மதுரைக்கு ரயிலேறும்போது, "உடம்பைப் பாத்துக்கோங்கோப்பா" என்றாய். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான்.

நீ அங்கே என்ன செய்தாய் என்பதை உனக்கே ஞாபகப்படுத்துகிறேன், ஏனென்றால் நீ அதை ஒரு காரியமாகவே நினைத்திருக்க மாட்டாய். அவர்கள் வீட்டுக் கூடத்து மூலையில், விட்டத்துக்குக் கீழே, நீளக்கால் சிலந்தி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தி வெட்கப்பட்டு, ஒட்டடைக் கம்பு எங்கே என்று கேட்டார். உடனே நீ சட்டைக் கையை மடித்து, இடது முழங்கைக்குக் கீழே இருக்கும் அந்தக் கறுப்புத் தழும்பை எல்லாருக்கும் காட்டினாய். இந்த ஜாதிப் பூச்சிதான் உன்னைப் பத்து நாள் ஜுரத்தில் தள்ளியது என்றாய். வேலைக்காரி ஒருத்தி வேண்டுமென்றே அதைப் படுக்கையில் விட்டாள் என்றாய். அவள் நடையையும் அவள் பேச்சையும் நடித்துக் காட்டினாய். இன்னா, கீது என்று நீ சொல்லச் சொல்லப் பந்தி முழுக்கச் சிரித்தது. சிரிக்காதவள் நீ கட்டிக்கொள்ளப்போகும் கமலா ஒருத்திதான். கையில் நெய்க் கிண்ணத்தோடு நின்று, "அப்புறம் அந்த அம்மா என்ன ஆனா?" என்று கேட்டாள். நீ தோளைக் குலுக்கி, "யாருக்குத் தெரியும், எங்கேயாவது போயிருப்பா" என்றாய். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் பூச்சியின் கதையை முடித்துவிடுகிறேன். இருபத்தாறு வருஷம் கல்லூரியில் ஜந்து சாஸ்திரம் சொல்லிக் கொடுத்தவன் நான். அது உன்னைக் கடிக்கவில்லை. மனிதத் தோலில் அது கடித்து நான் பார்த்ததே இல்லை. எத்தனையோ தடவை அதை உள்ளங்கையில் ஏந்திப் பையன்களுக்குக் காட்டியிருக்கிறேன். சீண்டினால், வலையில் தொங்கியபடியே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் உடம்பை ஆட்டும். பயந்தால் அதற்குத் தெரிந்த வித்தை அதுதான். விஷமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கொசுவையும், தன்னைவிடப் பெரிய வேறு சிலந்திகளையும் மடக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இருக்கிறது. அதே மாதிரி நீளக் காலோடு தோட்டத்து ஈரத்தில் இன்னொன்று திரியும். அது வலையே பின்னாது, அதற்கு விஷமே கிடையாது. நம் வீட்டில் இரண்டும் ஒன்றுதான். சிலந்தி மூத்திரம் பெய்தால் தோல் கொப்புளிக்கும் என்று உன் அம்மா இன்றைக்கும் நம்புகிறாள். அந்தக் கொப்புளம் அக்கி என்ற வேறு நோய், அதற்கும் சிலந்திக்கும் சம்பந்தம் இல்லை. நம் பாஷையே இந்த ஜந்துவுக்கு விரோதம். உடம்பில் வரும் கட்டிக்கும் சிலந்தி என்று பெயர், காலில் புழு வரும் நோய்க்கும் நரம்புச் சிலந்தி என்று பெயர். பெயர் ஒன்றாக இருந்தால் குற்றவாளியும் ஒன்று என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அன்றைக்குப் பந்தியில் உன் மாமா இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் ஆபீஸில் ஒரு துரை சொன்னாராம், உலகத்திலேயே கொடிய விஷம் இந்த நீளக்கால் சிலந்திக்குத்தான், வாய் சின்னதாக இருப்பதால் மனுஷனைக் கடிக்க முடிவதில்லை என்று. துரை சொன்னதால் அது சாஸ்திரம் ஆகிவிட்டது. வாய் சின்னதென்றால் ரகுவை எப்படிக் கடித்தது என்று அந்தக் கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதே மாமா, கத்திரிக்காய் நறுக்கும்போது விரலை அறுத்துக்கொண்டால், ரத்தம் நிற்க ஒட்டடையைத்தான் காயத்தில் வைத்து அமுக்குவார்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷத்துக்கு வருகிறேன். உனக்குப் பத்தொன்பது வயது. நாம் எல்லாரும் கும்பகோணத்துக்கு ஓடினோம். மயிலாப்பூர் வீட்டுச் சாவியை முனியம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினோம். அப்போது அவள் நம்மிடம் வேலைக்கு வந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து விடியலில் நடந்து வருவாள். உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். தெருவில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் ஆள் இருந்த அந்த நாட்களில், அவளும் அவள் மகள் தனமும் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் படுத்து மூன்று மாதம் வீட்டைக் காத்தார்கள். குண்டு விழுந்தால் அவர்கள் எங்கே ஓடுவார்கள் என்று நம்மில் யாரும் யோசிக்கவில்லை. நாம் திரும்பி வந்தபோது ஒரு தம்ளர்கூடக் குறையவில்லை. மூலைகளில் மட்டும் நீளக்கால் சிலந்திகள் தொங்கின. கீழே எட்டும் இடத்தையெல்லாம் பெருக்கித் துடைத்தவள் அவற்றை ஏன் விட்டுவைத்தாள் என்று உன் அம்மா கேட்டாள். "அது ஒண்ணியும் பண்ணாதும்மா. கொசுவத் துன்னுக்கினு அது பாட்டுக்குக் கெடக்குது. ஆளில்லாத வூட்ல கொசு எம்மாம் இருந்துச்சு தெரியுமா?" என்றாள். அவள் சொன்னது சரி. இருபத்தாறு வருஷம் நான் வகுப்பில் சொன்னதை, எந்த வகுப்புக்கும் போகாமல் அவள் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள்.

அப்புறம் உன் இன்டர்மீடியட் பரீட்சை வந்தது. நீ கும்பகோணத்தில் காவேரிக்கரையில் சீட்டாடிக் கழித்த மூன்று மாதமும் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் உனக்கு உறைத்தது. முதல் பரீட்சைக்கு முன்தினம் காலையில் நீ கையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாய். முன்கையில் விரல் அகலத்தில் நீளமாகக் கொப்புளம், சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. உன் அம்மா அலறினாள். "படுக்கைக்கு மேலேதான் தொங்கிண்டிருந்தது" என்றாய். அரைமணியில் உன் மாமா வந்துவிட்டார். அக்கிக்குக் காவி எழுதுகிறவர் ஒருவர் வந்து உன் கையில் சிங்கப் படம் வரைந்தார். டாக்டரும் வந்தார். வீட்டில் எல்லாரும் சிலந்தி என்று சொல்ல, அவரும் விஷக்கடி என்று சீட்டில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

உன் மாமா முனியம்மாவைக் கூப்பிட்டு நடுக்கூடத்தில் நிறுத்தினார். "ஊரை விட்டுப் போறச்சே உன்னை அழைச்சுண்டு போகலைன்னு கோபம். அதான் பூச்சியை விட்டிருக்கே" என்றார். அவள் முதலில் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு உன் பக்கம் திரும்பி, "தம்பி, நீயே சொல்லு. நானா பூச்சி வுட்டேன்?" என்று கேட்டாள். உன்னிடம் கேட்டாள், ரகு. எட்டு வயதிலிருந்து உன்னை வளர்த்தவள், நீ உண்மையைச் சொல்லுவாய் என்று நம்பிக் கேட்டாள். நீ தரையைப் பார்த்தபடி, "படுக்கையைத் தட்டிப் போட்டது அவதான்" என்றாய்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. உன் அம்மா சாவிக்காகக் கையை நீட்டினாள். முனியம்மா இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள். அந்த வாரத்துக்குள் அவள் வேலை செய்த மற்ற மூன்று வீடுகளிலும் அவளை நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டில் குழந்தைக்குச் சிரங்கு, அதற்கும் அவள்தான் காரணம் என்றார்களாம்.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் உன்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. உன் கொப்புளத்தைப் பார்த்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம். கடி என்றால் ஒரு புள்ளியிலிருந்து வீங்கும். உன் கையில் இருந்தது கோடு. கோட்டின் நடுவில் கறுப்புக் கறை, வலது கை ஆள்காட்டி விரல் நுனியிலும் அதே கறை. இரண்டாம் நாள் குளியலறை மாடத்தில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு சேராங்கொட்டை கிடைத்தது. துணி மாறிப்போகாமல் இருக்க வண்ணான் குறி போடுகிற கொட்டை. ஊசியால் குத்தியிருந்தது. அதன் பால் பட்டால் தோல் எப்படி வெந்துபோகும் என்று உனக்குத் தெரியும், ஏனென்றால் நான்தான் சின்ன வயதில் உன்னை அதைத் தொடாதே என்று எச்சரித்தேன். நான் அதை எடுத்துப்போய்க் கொல்லையில் புதைத்தேன். டாக்டர் சீட்டை என் கையாலேயே கல்லூரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் வேலை பார்க்கும் இடத்தில் என் பிள்ளை மோசடிக்காரன் என்று தெரிந்துவிடுமே என்ற பயம். உன் வருஷம் வீணாகுமே என்ற கவலை. அவள் இன்னொரு வீட்டில் வேலை தேடிக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த தடவை நீ பரீட்சை எழுதித் தேறினாய். வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

மறுவருஷம் ஒரு நாள் அடையாற்றங்கரைக்குப் போய் விசாரித்தேன். இங்கே இல்லை, எங்கோ போய்விட்டாள் என்றார்கள். ரொம்பச் சீக்கிரம் திரும்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவள் அங்கே இல்லை என்றதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. கமலா உன்னிடம் கேட்ட கேள்வியை ஆறு வருஷத்தில் நான் ஒருவரிடமும் ஒழுங்காகக் கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்டேன். நாலு நாள் ராயப்பேட்டையிலும் தேனாம்பேட்டையிலும் அலைந்தேன். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. தேனாம்பேட்டையில் ஒரு கிழவர், "பூச்சிக்காரி முனியம்மாவா?" என்று கேட்டார். நீ கொடுத்த பட்டம் அவளுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

ஒரு மோட்டார் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அவள் காலையில் ஆப்பம் சுட்டு விற்கிறாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. நான் நின்றுகொண்டேதான் பேசினேன். கடித்தது பூச்சி இல்லை, என் பிள்ளை சேராங்கொட்டையைத் தேய்த்துக்கொண்டான் என்று சொன்னேன். அவள் ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டே கேட்டாள், "இது உனுக்கு எப்ப சாமி தெரிஞ்சுது?"

"ரெண்டாம் நாளே தெரிஞ்சுது."

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். "ரெண்டாம் நாளேவா. நான் இன்னான்னா நெனச்சேன், சாமி படிச்சவரு, பூச்சி படிப்புதான் அவருக்கு உத்தியோகமே, என்னிக்காவது ஒரு நாளு கண்டுபுடிச்சு வந்து சொல்லுவாருன்னு நெனச்சுக்கினு இருந்தேன். உனுக்குத் தெரியாதுன்னுதான் இத்தினி வருசம் உன்னிய மட்டும் ஏசாம இருந்தேன்."

  அவளே தொடர்ந்தாள். "தனத்துக்கு அப்ப பரிசம் போட்ருந்துது. கிருஷ்ணாம்பேட்டைல பையன், அச்சாபீஸ்ல வேல. பூச்சி வெக்கிற வூட்ல பொண்ணெடுக்க மாட்டோம்னு தட்டத் திருப்பி அனுப்பிச்சாங்க. ரெண்டு வருசம் யாரும் வரல. அப்பால ஒரு ரெண்டாந்தாரத்துக்குக் குடுத்தேன். மனுசன் தங்கமானவருதான், பொண்ணு நல்லாத்தான் கீது. அதுக்கோசரம் நீ ஒண்ணும் கண்ணு கலங்க வாணாம்." அப்புறம் ஒரு வாடிக்கைக்காரருக்கு ஆப்பம் எடுத்துக் கொடுத்துவிட்டு, "தம்பி இன்னா பண்ணுது?" என்று கேட்டாள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்றேன். "பொண்ணுக்கு இது தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்று சொல்லிவிட்டு அங்கிருந்து நேராகத் தியாகராய நகருக்கு நடந்தேன். பஸ்ஸுக்கு நிற்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. சம்பந்தியையும் கமலாவையும் ஒன்றாக உட்காரவைத்து, கொட்டை, கறை, சாவி, தனத்தின் பரிசத்தட்டு, நான் புதைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்திக்கு வேர்த்துவிட்டது. "சின்ன வயசுல எல்லாரும் ஏதாவது பண்றதுதானே, இதைப் போய்ப் பெரிசு பண்ணணுமா?" என்று என்னையே சமாதானப்படுத்தினார். பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது என்றார். கமலா அவரைப் பேசவிட்டு, கடைசியில் என்னிடம், "பத்தொன்பது வயசுல பண்ணினதை நான் மன்னிச்சுடுவேன், மாமா. போன வாரம் அதைச் சொல்லிச் சிரிச்சாரே, அதைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை" என்றாள். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது. ஆறு வருஷமாக என் தொண்டையில் நின்றதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

நீ என்மேல் ஆத்திரப்படுவாய். பெற்ற அப்பனே கல்யாணத்தைக் கெடுக்கிறான் என்று உன் அம்மாவுக்கு எழுதுவாய். எழுது. அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் நேற்று ஒட்டடைக் கம்பை எடுத்து மூலைக்குப் போனவள், கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பினாள். என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. உன் மாமாவுக்கு இந்தக் கடிதத்தை நானே வாசித்துக் காட்டப்போகிறேன். இன்னொரு பிரதி கமலாவிடம் போகிறது. இது ரகசியக் கடிதம் இல்லை. உன் பொய்யைப் பந்தியில் சொன்னாய், அதற்குப் பதிலை மட்டும் உறைக்குள் ஒட்டி அனுப்ப முடியாது.

ஒரு ஜந்துவைப் பற்றித் தெரியாமல் பயப்படுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் அம்மா பயந்தாள், முட்டாள்தனமாகப் பயந்தாள், ஆனால் நிஜமாகப் பயந்தாள். நீ பயப்படவில்லை. நீ அந்தப் பயத்தைப் பார்த்தாய், அது எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டாய், உனக்கு வேண்டிய இடத்தில் அதை ஏவிவிட்டாய். ஊரில் எல்லாரும் நம்பும் ஒரு பொய் கையில் கிடைத்தால், அதைச் சொல்ல வேறு சாட்சி தேவையில்லை. உன்னை மாதிரி ஒருவன் வாயைத் திறப்பதும், என்னை மாதிரி ஒருவன் வாயை மூடிக்கொள்வதும் போதும். உனக்குப் பிள்ளை பிறந்தால், அவன் பொய் சொல்லும்போது நீ அவன் பக்கம் நிற்காதே. நான் நின்றேன். அதனால் உனக்கு என்ன நன்மை வந்தது என்று நான் தேடிப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்க நீ வருவதாக எழுதியிருக்கிறாய். கடைக்குப் போக வேண்டாம். மாலை நாலு மணிக்குக் கமலாவின் வீட்டுக் கூடத்துக்கு வா. அன்றைக்கு உன் கதையைக் கேட்டுச் சிரித்தவர்களையெல்லாம் அழைக்கும்படி கமலா அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் முன்னால் நடந்ததை நீயே உன் வாயால் சொல்ல வேண்டும். நான் உனக்காகச் சொல்ல மாட்டேன், எடுத்தும் கொடுக்க மாட்டேன். என் பங்கை நான் சொல்லுவேன். கல்யாணம் நடக்குமா என்பதைக் கமலா அதற்கப்புறம்தான் முடிவு செய்வாள். நீ வராவிட்டால் அதுவே அவளுக்குப் பதில்.

முனியம்மாவையும் கூப்பிட்டேன். முதலில் மாட்டேன் என்றாள், "அந்த மூஞ்சிங்களப் பாத்து எனுக்கு இன்னா ஆவப்போவுது?" என்றாள். நேற்றுக் காலை மறுபடி போனேன். வருகிறேன் என்றாள், ஆனால் ஒன்று கேட்டாள். "பதினோரு வருசம் உங்க வூட்டுத் தரையிலயே குந்தினேன் சாமி. அங்க வந்து தரையில குந்த மாட்டேன்." சம்பந்தியிடம் சொன்னேன். அவர் மேலே விட்டத்தைப் பார்த்தார். கமலா உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து கூடத்தின் நடுவில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அதை யாரும் எடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

அப்பா